நாலு டிஸ்க் சேர்வர்: ரெயிட் 5, 6, 10 – வன்னியில் எது தாங்கும்?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கூட்டுறவுச் சங்கம், தனியார் வைத்தியசாலை, அச்சகம் என்று யார் முதல் சேர்வர் வாங்கினாலும் பெரும்பாலும் நாலு டிஸ்க் போடும் பெட்டியில்தான் தொடங்குவார்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் முறைதான் ரெயிட்; 5, 6, 10 என்பவை அதன் வகைகள். 8 டெராபைட் டிஸ்க் நாலு என்று வைத்துக்கொள்வோம். ரெயிட் 5 போட்டால் 24 டெராபைட் கிடைக்கும். ரெயிட் 6, ரெயிட் 10 இரண்டிலும் 16 தான். விலைமனுவில் 24 என்ற இலக்கம் கவர்ச்சியாகத் தெரிவதால் பலரும் 5 ஐத் தெரிவு செய்கிறார்கள். கரண்ட் நின்று நின்று வரும், அறை கொதிக்கும், மாற்று டிஸ்க் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்ற நிலையில் அது பிழையான தெரிவு.

மூன்றின் வேலையும் சுருக்கமாக இதுதான். ரெயிட் 5 தரவை எல்லா டிஸ்க்குகளிலும் பரப்பி, ஒரு டிஸ்க் அளவு இடத்தில் பரிட்டி என்ற சரிபார்ப்புக் கணக்கை வைக்கும். ஒரு டிஸ்க் போனால் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு மீட்கும். ரெயிட் 6 இல் பரிட்டி இரண்டு. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெயிட் 10 இல் பரிட்டியே இல்லை. இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒன்றில் இருப்பதை அப்படியே மற்றதிலும் எழுதும். 1988 இல் பேர்க்லியில் பற்றர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் 5 வரைதான் இருந்தது. டிஸ்க்குகள் பெருக்கப் பெருக்க ஒற்றைப் பரிட்டி போதாமல்தான் 6 புழக்கத்துக்கு வந்தது.

ஏன் போதாது என்பது ஒரு டிஸ்க் செத்த பிறகு தெரியும். புது டிஸ்க்கைப் போட்டதும் மீள்கட்டுதல் தொடங்கும். செக்கனுக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 8 டெராபைட்டுக்கு 11 மணித்தியாலம் வேண்டும். பகலில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் ஒரு நாளைத் தாண்டும். அதற்கு முன் டிஸ்க் வந்து சேர எடுக்கும் நாட்களையும் கூட்டுங்கள். அவ்வளவு காலமும் ரெயிட் 5 இல் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மிச்ச மூன்றிலும் உள்ள 24 டெராபைட்டையும் ஒரு பிழையில்லாமல் வாசித்தாக வேண்டும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகளின் விபரத்தாளில் 10 இன் 14 ஆம் அடுக்கு பிற்றுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருக்கும். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடக்கும். ஆனால் பல மாதமாக யாரும் திறக்காத கோப்பின் அடியில் கிடக்கும் பழுதான செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) இந்த நேரத்தில்தான் வெளியே வரும். சில கொன்ட்ரோலர்கள் (ரெயிட்டை நடத்தும் அட்டைகள்) அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும். சில அப்படியே நின்றுவிடும். ரெயிட் 6 இல் இரண்டாவது பரிட்டி அந்த ஓட்டையை அடைத்துவிடும். ரெயிட் 10 இல் வாசிக்க வேண்டியதே சோடி டிஸ்க்கின் 8 டெராபைட் மட்டும்.

அடுத்தது மின்வெட்டு. பரிட்டி முறையில் ஒரு சிறு பதிவை எழுதப் பழைய தரவையும் பழைய பரிட்டியையும் வாசித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும். தரவு எழுதி, பரிட்டி எழுதமுன் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் டிஸ்க் சாகும்போது அந்தப் பிழையான பரிட்டியை வைத்துத் தரவைக் கட்டியெழுப்பும்; கோப்பு பழுதாகும். கொன்ட்ரோலரில் உள்ள பற்றரி இதைத் தடுக்கத்தான். எழுதி முடியாததைக் கரண்ட் வரும்வரை நினைவகத்தில் காக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் அந்தப் பற்றரி சீக்கிரம் மெலிந்துவிடும். மெலிந்ததும் கொன்ட்ரோலர் தானாகவே, பதிவை நினைவகத்தில் வாங்கியதுமே எழுதியாயிற்று என்று சொல்லும் ரைட்-பேக் முறையை விட்டு ரைட்-துரூ முறைக்குப் போகும். அதாவது ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும். “திடீரென்று சேர்வர் மந்தமாகிப் போச்சு” என்று வரும் முறைப்பாட்டில் நெற்வேர்க்கை நோண்டமுன் பற்றரி நிலையைப் பாருங்கள். வேகம் வேண்டுமென்று பற்றரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தும் தெரிவை மட்டும் தொடவேண்டாம். இசட்எஃப்எஸ் (ரெயிட் வேலையையும் தானே செய்யும் கோப்பு முறைமை) பாவித்தால் இந்தப் பரிட்டிப் பிரச்சினை இல்லை, அது பழைய இடத்தின் மேல் எழுதுவதே இல்லை.

வேகத்தையும் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 80 சிதறிய பதிவுகளைக் கையாளும் என்றால் நாலும் சேர்ந்து 320. ஒரு சிறு எழுத்துக்கு ரெயிட் 10 இல் 2 செயல், 5 இல் 4, 6 இல் 6. ஆக 160, 80, 53. நெல் கொள்வனவுக் காலத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பற்றுச்சீட்டுப் போடும் கணக்கு மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் தெரியும். சிசிரிவி பதிவுக்கும் ஸ்கான் செய்த ஆவணங்களுக்கும் பெரிதாகத் தெரியாது, அவை நீளமாகத் தொடர்ந்து எழுதப்படுபவை.

ஆகவே 6 ஆ 10 ஆ என்பதுதான் உண்மையான போட்டி. ரெயிட் 10 இல் ஒரு டிஸ்க் போன பிறகு, மிச்ச மூன்றில் செத்ததன் சோடி போனால் எல்லாம் போச்சு; மற்ற இரண்டில் ஒன்று போனால் பிழைக்கும். 6 இல் அந்தப் பயம் இல்லை. தரவுத்தளம் ஓடும் இடத்துக்கு 10, கோப்புக் களஞ்சியத்துக்கு 6. ஆறு, எட்டு டிஸ்க் என்று பெட்டி பெருத்தால் 6 இன் பக்கம் தராசு சாயும்: ஆறு டிஸ்க்கில் அது 32 டெராபைட் தரும், 10 தருவது 24.

மூன்றில் ரெயிட் 5 போட்டு நாலாவதை ஹொட் ஸ்பெயராக (ஒன்று செத்ததும் தானாகவே அதன் இடத்துக்கு வரும் டிஸ்க்காக) விடலாம் என்றும் சொல்வார்கள். கிடைப்பது அதே 16 தான், ஆனால் மீள்கட்டுதல் முடியமுன் இன்னொன்று போனால் தாங்காது. அதைவிட ரெயிட் 6 போட்டு, ஐந்தாவது டிஸ்க் ஒன்றை ஆரம்பத்திலேயே வாங்கி லாச்சிக்குள் வைப்பது நல்லது. டிஸ்க் தட்டுகளின் முன்பக்கத்தில் தொடர் இலக்கத்தை ஒட்டிவையுங்கள். செத்ததை விட்டுவிட்டு நல்லதை இழுப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு.

மலிவாகக் கிடைக்கும் எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிய எழுதும்) டிஸ்க்குகள் இந்த மூன்றில் எதற்கும் வேண்டாம். மீள்கட்டும்போது அவற்றின் வேகம் படுத்துவிடும், சில வேளை கொன்ட்ரோலரே டிஸ்க்கைக் கழற்றிவிடும்.

எந்த ரெயிட்டும் இடிமின்னலுக்கோ கப்பம் கேட்கும் வைரசுக்கோ மருந்தல்ல. ஸ்னப்ஷொட்டும் (ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையைப் பிடித்துவைப்பது) அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். செக்கனுக்கு 10 மெகாபிற் பதிவேற்றத்தில் 1 டெராபைட் அனுப்ப ஒன்பது நாளுக்கு மேல் எடுக்கும். அதனால் முதல் முழு நகலைக் குறியாக்கம் செய்து வெளி டிஸ்க்கில் போட்டு, வவுனியாக் கிளைக்கு ஒருவர் கையோடு கொண்டுபோகட்டும். அதன் பிறகு மாறியதை மட்டும் இரவில் ஆர்சிங் என்ற நகலெடுக்கும் மென்பொருளால் அனுப்பலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலில் இருந்து கணக்குத் தரவுத்தளத்தை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பார்த்து, எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று குறித்து முகாமையாளரிடம் கொடுங்கள்.