150 மில்லிமீட்டர் மழைமானி: வாங்கலாம், ஆனால்...

ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் மழைமானி, ஆரல்வாய்மொழியில் எங்கள் மொட்டைமாடியில் நின்று ஒரு வருஷம் ஆகிறது. காற்று ஊரல்லவா, கூட வந்த கிளிப் முதல் ஆடியிலேயே உடைந்துவிட்டது, இப்போது செங்கல்லோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். சாதாரண மழைக்குக் கணக்கு சரியாகவே காட்டுகிறது.

குறை என்னவென்றால் 150 மில்லிமீட்டரில், அதாவது 15 சென்டிமீட்டரில், நிரம்பிவிடும். மழை குறைந்த பக்கம்தானே, போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 2023 டிசம்பரில், வறண்ட தூத்துக்குடிச் சீமையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சி கடல் ஈரத்தை இழுத்து இழுத்துக் கொட்டியது. 2024 ஏப்ரலில் அமீரகத்திலும் அப்படித்தான்: மேலே குளிர்ந்த காற்றோடு தாழ்வழுத்தம், கீழே கடலிலிருந்து வந்த ஈரக்காற்று, இரண்டும் சேர்ந்ததும் அல் ஐன் பக்கம் 24 மணி நேரத்துக்குள் 25 சென்டிமீட்டருக்கு மேல். எல்லாம் செயற்கை மழைக்காக மேகத்தில் உப்புத் தூவியதால்தான் என்று துபாயிலிருந்து தம்பி போனில் சண்டை போட்டான். உப்புத் தூவினால் இல்லாத ஈரம் எங்கிருந்துடே வரும்? காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதைச் சொன்னால் கேட்கமாட்டான்.

சரி, 3 ஸ்டார். பெரிய அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.