கிரீஸ் நிப்பிளை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள்

காங்கேயம் பக்கம் தென்னந்தோப்புக்குச் சொட்டுநீர் மெயின் லைன் பதிக்கப்போகும் நண்பர் ஒருவர், நடந்துகொண்டே ஓட்டும் செயின் ட்ரெஞ்சர் (பல் வைத்த செயினைச் சுழற்றிக் குழாய்க்குக் குழி தோண்டும் மெஷின்) வாங்கலாமா என்று கேட்டார். என்னுடையது இப்போதுதான் பட்டறையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோண்டும் குழி 4 அங்குல அகலம், 2 அடி ஆழம். 63 எம்எம் பிவிசி குழாய்க்கு இதற்கு மேல் எதற்கு? ஜேசிபியில் சின்ன பக்கெட் மாட்டினாலும் ஓரடி அகலம் போய்விடும். அந்தக் கணக்கில் 100 அடிக்கு 200 கன அடி மண்ணை அள்ளி, அத்தனையையும் திரும்ப மூட வேண்டும். இதில் 67 கன அடியோடு வேலை முடிகிறது. மண்ணும் பொடியாக ஓரத்தில் விழுவதால் மண்வெட்டியால் இழுத்துவிட்டால் போதும்.

பின்பக்கமாக நடந்துதான் ஓட்ட வேண்டும். வரப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கால் நினைவில் வைத்திருக்க வேண்டும், அது பழகிவிடும். இவ்வளவு குறுகிய குழியில் இறங்கிக் குழாயை ஒட்ட முடியாது என்பதும் குறையில்லை. 20 அடிக் குழாய்களை மேலேயே சால்வென்ட் போட்டு ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, அப்படியே உள்ளே இறக்குகிறோம். தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்த பிறகுதான் மூடுவது.

தென்னை வேர் செயினில் சிக்கினால் சடைபோலச் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கத்தியால் அறுத்து எடுக்கலாம். சுக்கான் கல் வந்தால் பல் தேயும், ஆனால் பல்லைக் கழற்றி மாட்டலாம். இதற்கெல்லாம் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மண் அப்படி.

ஆனால் அந்த கிரீஸ் நிப்பிள்! செயின் சுற்றிவரும் கட்டையின் நுனியில் ஓர் உருளை, அதற்குள் பேரிங். மெஷினிலேயே அதிகமாக மண்ணுக்குள் புதைந்து வேலை செய்யும் இடம் அதுதான். கிரீஸ் அடிக்க அடிக்கத்தான் உள்ளே புகுந்த மண் வெளியே தள்ளப்படும். கிரீஸ் கன்னை மாட்டி அடிக்கும் அந்தச் சின்ன வாய்தான் நிப்பிள். அதை கார்டுக்கு, அதாவது பாதுகாப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும். போல்ட் தலையில் மண் அப்பியிருக்கும், ஸ்பானர் வழுக்கும். மதிய வெயிலில் எந்த ஆள் இதைக் கழற்றி கிரீஸ் அடிப்பான்? "அடிச்சாச்சுங்க" என்றுதான் பதில் வரும். கடைசியில் பேரிங் இறுகி, உருளையும் தேய்ந்து, லேத்தில் கடைந்து போட வேண்டியதாயிற்று. விற்ற கடையில் சொன்னால், "தினமும் கிரீஸ் அடிக்கணும்னு புக்குலயே போட்டிருக்குமே" என்கிறார்கள். புத்தகம் எழுதியவர் ஒரு நாளாவது அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்திருப்பாரா?

இந்தத் தடவை பட்டறைக்காரரே கார்டில் ஒரு ஓட்டை போட்டு, கிரீஸ் கன் நுழைகிற மாதிரி செய்து, மேலே ஒரு ரப்பர் மூடியும் வைத்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கம்பெனிக்கு இது தோன்றவில்லை.

சரி, வாங்கலாமா? வேண்டாம். ஒரு தோப்புக்கு மெயின் லைன் ஒரு தடவைதான் பதிக்கப்போகிறீர்கள், வாடகைக்கு எடுங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்டும் ஒருவர் வந்தார். கொடுப்பதாக இல்லை, மேற்குக் காட்டுக்கு இன்னும் லைன் இழுக்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு வேண்டுமானால் தருகிறேன், கிரீஸ் அடித்துத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால்.