டெகலாக்கா, மூன்று வண்ணங்களா? கீஸ்லோவ்ஸ்கியை எங்கிருந்து தொடங்குவது?

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியைப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் 'டெகலாக்' என்ற தொலைக்காட்சித் தொடர், 'மூன்று வண்ணங்கள்' என்ற படவரிசை, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள். இரண்டையும் அவரோடு சேர்ந்து எழுதியவர் வழக்கறிஞர் பியேசியேவிச், இசை பிரைஸ்னர்.

நேரம்:
டெகலாக் – தலா ஒரு மணி நேரம் போல பத்துப் பகுதிகள்.
மூன்று வண்ணங்கள் – 'நீலம்', 'வெள்ளை', 'சிவப்பு' என மூன்று படம், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள்.

களம்:
டெகலாக் – வார்சாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தொலைக்காட்சிக்காக எடுத்தது.
மூன்று வண்ணங்கள் – பாரிஸ், வார்சா, ஜெனீவா.

ஒளிப்பதிவு: இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. டெகலாக்கில் ஒன்பது ஒளிப்பதிவாளர்கள். மரண தண்டனையைப் பற்றிய ஐந்தாம் பகுதியில் இட்ஜியாக் பச்சை வடிகட்டிகளைப் போட்டு நகரத்தையே அழுகியதுபோல் காட்டுகிறார். அவரேதான் 1993-இல் 'நீலம்' எடுத்தார், அதே கண்தானா என்று வியப்பீர்கள்! 'வெள்ளை'க்கு க்ளோசின்ஸ்கி, 'சிவப்பு'க்கு சொபோசின்ஸ்கி.

இசை: டெகலாக்கில் அடக்கம். 'நீலத்தில்' இசைதான் கதையே, நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள்.

சரி, எது யாருக்கு? ஒரே வாரக்கடைசிதான் கிடைக்கும், காட்சியழகும் இசையும் பிடிக்கும் என்றால் மூன்று வண்ணங்கள், 'நீலத்தில்' தொடங்கி வரிசை மாறாமல். மனிதர்களின் தர்மசங்கடங்களை நாளுக்கு ஒன்றாக அசைபோட முடிந்தால் டெகலாக். என் தேர்வு டெகலாக்தான். முதல் பகுதியின் அப்பாவும் மகனும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.