ஜப்பானிய சீஸ்கேக்குக்குப் பணம் அனுப்பும் முன்

சென்ற மாதம் அம்மாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு ஜப்பானிய சீஸ்கேக் தேடி, சிங்கப்பூரில் 41 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 42 காசு ஏமாந்தேன். தொகை பெரிதல்ல. என்னை ஏமாற்றிய இணைய விளம்பரம் இன்னும் வந்துகொண்டிருப்பதால்தான் எழுதுகிறேன்.

பல் பாதி போய்விட்ட அம்மாவுக்கு, ஜப்பானில் ஒசாகா நகரின் நம்பா பகுதியில் ஒருமுறை சாப்பிட்ட, அடியில் உலர்திராட்சை பதித்த அந்தப் பஞ்சு கேக்கின் நினைவு போகவேயில்லை. விளம்பரக் காணொளியிலும் கேக் அப்படியே தளும்பியது. அடுப்பிலிருந்து எடுத்ததும் மணி அடித்தார்கள். ‘ஒவ்வொரு மணி நேரமும் புதிதாகச் சுடப்படுகிறது, கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் பெற்றுக்கொள்ளலாம்’ என்ற அறிவிப்பை நம்பி, பேநவ் (கைபேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) வழியாக முன்பணமாகவே முழுத்தொகையையும் செலுத்தினேன். திரையில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவரின் செல்லப்பெயர் தோன்றியபோதே நிறுத்தியிருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் அங்கே அடுப்பே இல்லை; ஒரு மேசையும் குளிர்பெட்டியும்தான் இருந்தன. என்னிடம் கொடுத்த பெட்டி சில்லென்று, அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. வீட்டில் வெட்டியபோது கத்தியில் ஒட்டாமல் சாதாரண ஸ்பாஞ்சு கேக்கைப் போல உதிர்ந்தது. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, கிரீம் சீஸும் பாலும் மஞ்சள் கருவும் சிறிதளவு மாவும் சேர்ந்த கலவையில் மெதுவாகக் கலந்து, கேக் பாத்திரத்தை வைத்த தட்டில் வெந்நீர் ஊற்றி மிதமான சூட்டில் நிதானமாகச் சுடுவதால்தான் உண்மையான கேக்குக்கு அந்த ஈரமும் மென்மையும் வருகின்றன. (ஆறும்போது சற்று அமுங்குவது நல்ல கேக்குக்கும் இயல்பே, அதை வைத்து எந்தக் கடையையும் குறைசொல்ல வேண்டாம்.)

பெட்டியின் பக்கவாட்டில், அன்றைய தேதியிட்ட ஒட்டுத்தாளின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்தேன். அடியில் இன்னொன்று: தயாரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது, ‘உறைநிலையில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருந்தது. பொட்டல உணவில் சேர்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் குறிப்பிட வேண்டும் என்பது இங்குள்ள விதி. அந்தப் பட்டியலில் சர்க்கரை, கோதுமை மாவு, தாவரக் கொழுப்பு, முட்டை ஆகியவற்றுக்குப் பிறகு, கடைசிக்கு முந்திய இடத்தில் ‘சீஸ் தூள்’ இருந்தது. கிரீம் சீஸ் எங்கும் இல்லை.

இன்னொரு சூது ரசீதில் இருந்தது. விலை 38 வெள்ளி. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று 3 வெள்ளி 42 காசு. அந்த வரியை அதற்கெனப் பதிவுசெய்த வணிகர்கள் மட்டுமே வசூலிக்கலாம். ரசீதில் பதிவு எண் இல்லை. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடியபோது அந்தப் பெயரும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘ஜப்பானியப் பாணி என்றுதான் சொன்னோம்’ என்று பதிலளித்து, அடுத்த முறைக்கு ஐந்து வெள்ளி தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். வரியைப் பற்றிக் கேட்டதும் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

ஆகவே, அடுப்பு கண்ணில் படும் கடையிலோ, சேர்பொருள் பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகு கல்லாவில் பணம் கட்டும் இடத்திலோ வாங்குங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டின் தக்காஷிமாயா பேரங்காடியின் கீழ்த்தள உணவுக்கூடத்தில் ஜப்பானிய இனிப்புக் கடைகளை நேரில் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். நான் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதி, இரண்டு ஒட்டுத்தாள்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன். உரித்த தாள் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது; அம்மா அதை எடுக்க விடவில்லை.