கியாலாமியா, ஸ்வார்ட்கோப்ஸா: சாதாரணக் காருக்கு ஏற்ற பந்தயத் தடம் எது?

ட்ராக் டே போகிறவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் வசதியான ஊர். மிட்ராண்டில் கியாலாமி, பிரிட்டோரியாவுக்கு மேற்கே ஸ்வார்ட்கோப்ஸ் என்று இரண்டு நல்ல தடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. போட்டி எதுவும் கிடையாது. நம் சொந்தக் காரை, போலீஸ் பயமும் எதிரே வரும் லாரி பயமும் இல்லாமல், முடிந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டிலும் என் பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இனி ஸ்வார்ட்கோப்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "கியாலாமி இருக்கும்போது அந்தச் சந்துக்குள்ள போய் என்ன மச்சான் பண்றீங்க?" என்று கேட்பவர் என் தங்கையின் கணவர். அவர் வைத்திருப்பது டர்போ உள்ள கோல்ஃப் ஜிடிஐ. அந்த வித்தியாசத்திலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

கியாலாமியின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1961இல் திறந்த தடம். 1967 முதல் 1985 வரை, 1981 ஒன்றைத் தவிர, ஒவ்வொரு ஆண்டும் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் அங்கே நடந்தது. 1975இல் நம் நாட்டு ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் அங்கே ஜெயித்தார். பிறகு தடத்தையே மாற்றிப் போட்டு 1992, 1993 இரண்டு ஆண்டுகள். 2014இல் ஏலத்துக்கு வந்தபோது டோபி வென்டர் 20.5 கோடி ராண்டுக்கு வாங்கினார். 2016இல் புதுப்பித்துத் திறந்த இன்றைய தடம் 4.522 கிலோமீட்டர், 16 வளைவுகள்.

பழைய கியாலாமியின் அடையாளம், க்ரோத்தோர்ன் வளைவை நோக்கிச் சரிந்து இறங்கும் நீண்ட நேர்பாதை. அது இப்போது அந்த வடிவில் இல்லை. ஆனால் புதுத் தடத்தை வரைந்தவர்கள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கெடுக்கவில்லை. அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். லீயூகோப் வளைவில் மேட்டின் உச்சிக்கு ஏறி, திரும்பியதும் மைன்ஷாஃப்ட் சரிவில் விழுகிற அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வயிறு ஒரு முறை காலியாகும்.

ஒரு தடம் எதனால் பிடித்துப்போகிறது? வேகத்தால் என்று நினைப்பவர்கள் அதிகம். வெறும் வேகம் நேர்பாதையில் யாருக்கும் கிடைக்கும். அங்கே ஓட்டுநருக்கு வேலையே இல்லை, மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் கணக்கில் இரண்டு விஷயங்கள். முதலாவது மேடு பள்ளம். பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது கார் தரையோடு அழுந்தி, டயருக்குப் பிடிப்பு கூடும். மேட்டைத் தாண்டும்போது கார் லேசாகி, அதே ஸ்டீயரிங் திருப்பத்துக்குக் கொஞ்சம் விலகிப் போகும். ஒரே ஆரமுள்ள இரண்டு வளைவுகள், ஒன்று ஏற்றத்திலும் மற்றது இறக்கத்திலும் இருந்தால், அவை இரண்டு வேறு பாடங்கள். இரண்டாவது, வளைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பது. முதல் வளைவில் ஆசைப்பட்டு வேகமாகப் புகுந்தால், அடுத்த வளைவுக்குத் தப்பான ஓரத்தில் போய் நிற்போம். எதை விட்டுக் கொடுத்து எதைப் பிடிப்பது என்று ஓட்டுநர் யோசிக்க வேண்டியிருக்கிற இடத்தில்தான் சுவாரசியம்.

இந்த இரண்டும் கியாலாமியிலும் இருக்கின்றன, ஸ்வார்ட்கோப்ஸிலும் இருக்கின்றன. ஸ்வார்ட்கோப்ஸின் நீளம் 2.4 கிலோமீட்டர்தான், கியாலாமியில் பாதியைச் சற்றே தாண்டும். அந்தச் சின்ன இடத்துக்குள் ஏற்றம், இறக்கம், இறுக்கமான திருப்பம் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். புல்மேட்டில் உட்கார்ந்தால் தடத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும், குடும்பத்தைக் கூட்டிப் போனால் அவர்களுக்கும் பொழுது போகும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நேர்பாதையில்.

நாங்கள் இருப்பது ஹைவெல்ட் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி 15 சதவீதம் அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். இது ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே பதிவான விஷயம்: டர்போ கார் ஒன்று முதன்முதலாகப் பந்தயத் தொடக்க வரிசையின் முதலிடத்தைப் பிடித்தது 1979இல் கியாலாமியில்தான், ழான் பியேர் ழபூய் ஓட்டிய ரெனோ. மறு ஆண்டு அதே அணியின் ரெனே ஆர்னூ அங்கே பந்தயத்தையே வென்றார்.

என் சிட்டி கோல்ஃபில் டர்போ கிடையாது. தென்னாப்பிரிக்காவிலேயே 2009 வரை செய்துகொண்டிருந்த பழைய உடம்பு, லேசான எடை, பின்னால் டிரம் பிரேக். கியாலாமியின் ஏற்றமான பகுதிகளில் இது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். வளைவை நன்றாக முடித்து வெளியே வந்த மகிழ்ச்சி, அடுத்த வளைவு வருவதற்குள் ஆறிவிடும். மச்சானின் ஜிடிஐ அதே தூரத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும், அதனால் அவருக்குத் தடம் முழுவதும் வளைவுகளாகவே தோன்றுகிறது. அவர் சொல்வது அவர் காருக்குச் சரி.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது அலுப்பு அல்ல, பிரேக். இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

பிரேக்கின் வேலை ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் குறைப்பதையும், 200இலிருந்து 80க்குக் குறைப்பதையும் ஒப்பிட்டால், ஒரே எடையுள்ள காரில் இரண்டாவதில் வெளியாகும் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல். என் கார் 200ஐ எட்டாது. 160இலிருந்து 80 என்று வைத்தாலும் முதலாவதைவிட முக்கால் பங்கு அதிகம். நீண்ட நேர்பாதை உள்ள தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பெரிய அடி விழும். அதைக் குளிர வைக்க வேண்டிய காற்றும் இங்கே மெலிந்த காற்று.

சாலைக்கென்று செய்த பிரேக் பேட் ஒரு சூடு வரைக்கும்தான் பிடிக்கும். அதைத் தாண்டினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. பிரேக் ஆயிலின் கதை வேறு. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கியாலாமி போவதென்றால் நல்ல பேட், புது ஆயில், முடிந்தால் பிரேக்கைக் குளிர வைக்கும் காற்றுக் குழாய் என்று செலவு தொடங்கிவிடுகிறது. பந்தய பேட் போட்டால் காலையில் வேலைக்குப் போகும்போது சிக்னலுக்குச் சிக்னல் கிறீச்சிடும், குளிரில் சரியாகப் பிடிக்காது. ஒரே காரை வாரநாளில் வேலைக்கும் சனிக்கிழமை ட்ராக்குக்கும் எடுப்பவருக்கு இது சின்னத் தொல்லை அல்ல.

ஸ்வார்ட்கோப்ஸ் பிரேக்குக்கு இதமான தடம் என்று சொல்ல வரவில்லை. அங்கே அடுத்தடுத்து மிதிக்க வேண்டும், இடையில் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் குறைவு. பேட் தேய்மானத்தை மட்டும் பார்த்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: சூடு ஒரேயடியாக உச்சத்துக்குப் போகாமல், மெதுவாக ஏறி ஓரிடத்தில் நிற்கிறது. லேசான காரில் அந்த இடம் ஒரு நல்ல சாலை பேட் தாங்கும் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று வந்தால் போதும். மாலையில் அதே பேட்டோடு வீட்டுக்குத் திரும்பலாம். கனமான காருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மச்சானின் ஜிடிஐ ஸ்வார்ட்கோப்ஸில் என் காரைவிடச் சீக்கிரம் புகையும் என்றே நினைக்கிறேன்.

டயர் விஷயத்தில் ஸ்வார்ட்கோப்ஸ்தான் பொல்லாதது. முன்சக்கர இழுவைக் காரில், இறுக்கமான திருப்பங்களில் முன் டயரின் வெளி விளிம்பு அரைபட்டுப் போகும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, திரும்பத் திரும்ப ஓட்டக் கிடைக்கும் வாய்ப்பு. இருபது நிமிட செஷனில் என்னைப் போன்ற மெதுவான கார் கியாலாமியில் எட்டுச் சுற்று ஓட்டினால் அதிகம். ஸ்வார்ட்கோப்ஸில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு வளைவில் பிரேக் பிடிக்கும் இடத்தைச் சற்றுத் தள்ளிப் பார்க்க நினைத்தால், நினைவு மறையும் முன்பே அதே வளைவு மறுபடி வந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது பெரிய விஷயம். கட்டணமும் கியாலாமியைவிடக் குறைவு.

ஸ்வார்ட்கோப்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வழி தவறினால் காரை நிறுத்திக்கொள்ள ஓரத்தில் இடம் தாராளம் இல்லை. கியாலாமியில் புதுப்பித்தபோது அகலமான ஓரப்பரப்பு கொடுத்திருக்கிறார்கள். சர்வதேசப் பந்தயத் தரத்துக்குக் கட்டியதன் பலன் அது. குட்டைத் தடத்தில் நெரிசலும் அதிகம்: வேகமான கார் ஒன்று பின்னால் வந்தால் வழிவிட்டே நம் சுற்று போய்விடும். எத்தனை கார்களை ஒரே நேரத்தில் விடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காருக்கான காப்பீடு தடத்தில் செல்லுமா என்பதையும் பாலிசியில் படியுங்கள். பல பாலிசிகளில் செல்லாது.

மற்ற தடங்களைப் பற்றிச் சுருக்கமாக. வெல்கம் நகருக்குப் பக்கத்தில் உள்ள பாகீசா 1999இல் திறந்தது, மோட்டோ ஜிபி பைக் பந்தயம் நடந்த இடம். 2004இல் வாலெண்டினோ ரோஸி யமஹாவில் தன் முதல் பந்தயத்தையே அங்கே ஜெயித்தார். சமதரை, அகலம், எனக்கு மேடு இல்லாத குறை. கேப் டவுனின் கில்லார்னி தடத்தில் நண்பர் ஒருவரின் காரில் கொஞ்ச நேரம்தான் ஓட்டியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. கடல் மட்டத்தில் டர்போ இல்லாத இன்ஜின் எவ்வளவு உற்சாகமாக இழுக்கிறது என்பது மட்டும் உடனே தெரிந்தது. டர்பன் பக்கத்து உறவினர்களுக்கு இந்த விவாதமே எரிச்சல். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கெத் தடம் 1981இல் மூடிப்போனது. அவர்கள் இப்போது மேட்டுநிலத்துக்கு வந்துதான் ஓட்டுகிறார்கள்.

கியாலாமிக்கு மறுபடி ஃபார்முலா ஒன் வரும் என்ற பேச்சு உண்டு. தடத்தை ஃபார்முலா ஒன்னுக்குத் தேவையான முதல் தரத்துக்கு உயர்த்தும் திட்டத்துக்கு 2025இல் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ ஒப்புதலும் கொடுத்தது. வந்தால் டிக்கெட் வாங்கி முதல் ஆளாகப் போய் உட்காருவேன். பார்ப்பதற்கு அதைவிட நல்ல தடம் இந்த நாட்டில் இல்லை.

எந்தத் தடமானாலும் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். மழை இருக்காது, குளிர்ந்த காற்றில் இன்ஜினும் கொஞ்சம் தெம்பாக இழுக்கும். டயர் சூடேற மட்டும் முதல் இரண்டு சுற்றைப் பொறுமையாக ஓட்டுங்கள். நவம்பரில்தான் முடியும் என்றால் காலை செஷனுக்கே பதிவு செய்யுங்கள். மூன்று மணிக்கு மேல் இடியோடு ஆலங்கட்டி வந்தால், கூரைக்கு இடம் தேடி எல்லாக் கார்களும் ஒரே பெட்ரோல் பங்கில்தான் போய் நிற்கும்.