மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: ‘ஜாகிங்’ என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

மூன்று சக்கரம், பெரிய டயர், பக்கவாட்டில் ‘ஜாகர்’ என்று ஸ்டிக்கர். குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாம் என்று விற்கும் ஸ்ட்ரோலரில் இவ்வளவும் இருக்கும். கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்தால், ‘இந்தப் பொருள் ஓடுவதற்கோ ஸ்கேட்டிங் செய்வதற்கோ ஏற்றதல்ல’ என்று ஒரு வரியும் இருக்கும். சாதாரணக் குழந்தை வண்டிகளுக்கு இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரம் போடச் சொல்லும் வாசகம் அது. விளம்பரம் எழுதியவர் ஓடச் சொல்கிறார், வண்டியைச் செய்தவர் ஓடாதே என்கிறார். நடுவில் காசு கொடுத்தவர் மாட்டிக்கொள்கிறார்.

எப்படி மாட்டிக்கொள்கிறார் என்று காட்ட, அப்படி விற்கப்பட்ட ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சொன்னது: 12 அங்குலக் காற்று டயர், அலுமினியச் சட்டம், பின்பக்கம் இரட்டை சஸ்பென்ஷன், 22 கிலோ வரை தாங்கும், மடித்தால் கார் டிக்கியில் அடங்கும். பெட்டியைப் பிரித்தால் வந்தது வேறு. டயர் முழுக்க ஃபோம். படத்தில் தெரிந்த வால்வு இதில் இல்லவே இல்லை. சட்டத்தின் முக்கியக் குழாயில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டது, அதாவது வெள்ளிப் பெயின்ட் அடித்த இரும்பு. சஸ்பென்ஷன் என்று காட்டிய இடத்தில் ஸ்பிரிங் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே அசையாத ரப்பர் கட்டை. சீட்டின் அடியில் ஒட்டிய லேபிளில் 15 கிலோ. மடித்த அளவு சரிதான், ஆனால் மூன்று சக்கரத்தையும் கழற்றிய பிறகு எடுத்த அளவு அது.

வாங்கியவர் திருப்பிக் கேட்டபோது வந்த பதில் இரண்டே வரி. ஒன்று, ஓடக்கூடாது என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இரண்டு, டயரில் தேய்மானம் தெரிகிறது, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது. முதல் வரியில் இருக்கும் தந்திரத்தைக் கவனியுங்கள். ஓடுவதற்கு என்று விற்ற அதே ஆள், பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஓடக்கூடாது என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

இது வெறும் பணப் பிரச்சினை இல்லை. உண்மையான சிக்கல் முன் சக்கரத்தில் இருக்கிறது.

நடக்க மட்டும் செய்த வண்டியின் முன் சக்கரம் எந்தப் பக்கமும் சுழலும். கூட்டத்தில், கடைக்குள், குறுகிய வழியில் திருப்ப அதுதான் வசதி. வேகம் கூடினால் அதே சக்கரம், சூப்பர் மார்க்கெட் டிராலியின் கெட்டுப்போன சக்கரம் போல, இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஒரு கல்லோ பள்ளமோ வந்தால் சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுவிடும், வண்டி அதன் மேல் தடுக்கிக் கவிழும். அதனால் ஓடுவதற்கான வண்டியில் முன் சக்கரம் நேராகவே பொருத்தப்பட்டிருக்கும், அல்லது சுழற்சியைப் பூட்ட உறுதியான பூட்டு இருக்கும். சக்கரமும் பெரிதாக இருக்கும். முன்னால் 12 அங்குலம், பின்னால் 16 அங்குலம் என்பது பரவலான அமைப்பு.

‘பூட்டு இருக்கிறதே’ என்று விற்பவர் சொல்வார். பூட்டு இருப்பது போதாது, அதைப் போட்ட பிறகு சக்கரம் அசைகிறதா என்பதுதான் கேள்வி. பூட்டைப் போட்டுவிட்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, மறு கையால் டயரை இடம் வலமாக முறுக்கிப் பாருங்கள். மலிவு வண்டிகளில் பூட்டு என்பது தளர்வான ஓட்டையில் விழும் ஒரு பிளாஸ்டிக் முள். புதிதாக இருக்கும்போதே டயர் விளிம்பு ஓரிரு சென்டிமீட்டர் ஆடும். ஆடினால் அது ஓடும் வண்டி இல்லை, பேச்சே வேண்டாம்.

அடுத்து, வண்டி நேராகப் போகிறதா. சீட்டில் சுமார் 10 கிலோ எடையை வைத்து பெல்ட் போட்டு, சமதளத்தில், பூட்டிய முன் சக்கரத்துடன் மெல்லத் தள்ளிவிட்டு, எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே கூட நடந்து பாருங்கள். நாலைந்து மீட்டருக்குள் ஒரு பக்கமாக நன்றாக இழுத்துக்கொண்டு போனால் சக்கரம் நேர்கோட்டில் இல்லை. நல்ல ஓட்ட வண்டிகளில் ஃபோர்க் பக்கத்தில், அதாவது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் கவட்டைக்குப் பக்கத்தில், இதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் தள்ளிப் பார்த்து நேராக்கலாம். திருகே இல்லாத வண்டியில், ஃபோர்க் வளைந்திருந்தால் அதோடு கதை முடிந்தது.

முன் சக்கரத்தைக் கழற்ற லிவர் வைத்த வண்டிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சைக்கிளில் இருக்கும் அதே ஏற்பாடு. 2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பெயர்பெற்ற ஒரு ஜாகிங் ஸ்ட்ரோலர் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டதே இந்த லிவர் விவகாரத்தில்தான். லிவர் சரியாக இறுகாத நிலையில் முன் சக்கரம் கழன்றுவிடுகிறது, குழந்தைகளும் பெரியவர்களும் காயப்பட்டிருக்கிறார்கள் என்பது புகார். விலை கூடிய வண்டி என்பதால் இந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம்.

லிவரைப் பலர் நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்குகிறார்கள். அது தவறு, அப்படிச் செய்தால் சக்கரம் பிடித்திருப்பது போலத் தோன்றும், ஓடும்போது தளர்ந்துவிடும். வண்டியை நிமிர்த்தி, எடை முன் சக்கரத்தின் மேல் விழும்படி வைத்து, ஆக்ஸில் (சக்கரத்தின் நடு அச்சுக்கம்பி) இரண்டு பக்கமும் ஃபோர்க்கின் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். லிவரைப் பாதி மடித்த நிலையில், அதாவது சக்கரத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்க நட்டைக் கையால் இறுக்குங்கள். அந்த இடத்திலிருந்தே லிவர் எதிர்ப்புக் காட்ட ஆரம்பிக்க வேண்டும், முழுதாக மடித்து முடிக்கும்போது உள்ளங்கையில் அதன் அச்சு பதிய வேண்டும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி டயரை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். லேசாக நகர்ந்தாலும் முதலிலிருந்து செய்யுங்கள். லிவர் தளர்ந்தாலும் சக்கரத்தை விடாமல் பிடித்திருக்க ஃபோர்க் நுனியில் தனியாக ஒரு கொக்கியோ விளிம்போ இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்ப்பது முக்கியம்.

கவிழும் விஷயத்தில் மூன்று சக்கரத்துக்கென்று ஒரு குணம் உண்டு. நான்கு சக்கர வண்டி தரையில் ஒரு செவ்வகத்தின் மேல் நிற்கிறது, மூன்று சக்கரம் முக்கோணத்தின் மேல். முக்கோணம் முன்னால் போகப் போகக் குறுகுகிறது. குழந்தை முன்னால் சாய்ந்து பக்கவாட்டில் எட்டினாலோ, நடைபாதை விளிம்பில் வண்டியைக் கோணலாக ஏற்றினாலோ, எடை அந்தக் குறுகிய பகுதியைத் தாண்டிப் போய்விடும். ஆகவே சீட் உயரம் குறைவாகவும், பின் சக்கரங்களுக்கு நடுவே அகலம் அதிகமாகவும், சீட் பின் ஆக்ஸிலுக்குப் பக்கமாகவும் இருப்பது நல்லது. சீட்டை உயரத்தில் தூக்கிவைத்து, பின் சக்கரங்களையும் நெருக்கமாக வைத்த ‘ஸ்டைல்’ வண்டிகள் படத்தில் அழகு, பள்ளத்தில் ஆபத்து. கடையில் எடையை வைத்து பெல்ட் போட்ட பிறகு, ஹேண்டிலைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு சுலபமாக ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது என்பது உடனே தெரியும். அகலம் கூடினால் வாசலில் நுழையாது என்ற மறுபக்கமும் உண்டு. 60 சென்டிமீட்டருக்கு மேல் போகும் வண்டிகள் சாதாரணம், லிஃப்ட் கதவையும் வீட்டின் குறுகிய கதவையும் முதலில் அளந்துவிடுங்கள். ஹேண்டிலில் பை மாட்டுவது எந்த வண்டியிலும் கெட்ட பழக்கம், குழந்தையைத் தூக்கிய மறு நொடி வண்டி மல்லாந்துவிடும்.

டயர் பற்றி. ஃபோம் டயர் பஞ்சர் ஆகாது, சமதளத்தில் நடக்க அது போதும். கரடுமுரடான பாதையில் அதிர்வை வாங்கிக்கொள்வது காற்று டயர்தான். காற்று டயர் என்று சொன்னால் அளவைக் கேளுங்கள். பக்கச்சுவரில் 47-203, 62-203 என்பது மாதிரி எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த எண் தெரிந்தால் டியூப் எங்கும் கிடைக்கும், தெரியாவிட்டால் விற்றவரிடமே தொங்க வேண்டும். சின்னச் சக்கரங்களில் வால்வுக்கும் நடு அச்சுக்கும் இடையில் இடம் குறைவு. அதனால் வளைந்த வால்வு வைத்த டியூப் வாங்குங்கள். நேர் வால்வை மாட்டினால் பம்பின் தலை உள்ளே நுழையாது. காற்று அடிக்கக் கைப்பம்பு போதும். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர் ஒரே இழுப்பில் சின்ன டியூபை வெடிக்க வைக்கும், பிளாஸ்டிக் ரிம்மாக இருந்தால் ரிம்மும் பிளக்கலாம். பக்கச்சுவரில் போட்டிருக்கும் காற்றழுத்த அளவைத் தாண்டாதீர்கள். இந்த வகை டயர்களில் அது பெரும்பாலும் 20 முதல் 35 பிஎஸ்ஐக்குள் இருக்கும்.

பிரேக்கை ஒரே பெடலில் அழுத்தினால் இரண்டு பின் சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு முள் சக்கரத்தின் பல்லில் விழுந்துதான் பூட்டுகிறது. முள் பல்லின் மேலேயே நின்றுவிட்டால் பெடல் கீழே போயிருக்கும், சக்கரம் பூட்டியிருக்காது. எனவே அழுத்தியதும் வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்து, முள் விழும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஓடுகிறவர்களுக்கு ஹேண்டிலில் கைப்பிரேக்கும், மணிக்கட்டில் மாட்டும் பட்டையும் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் அந்தப் பட்டையும், சிவப்பு நிறப் பிரேக் பெடலும் விதியாகவே இருக்கின்றன. மற்ற இடங்களுக்கு விற்கும் வண்டிகளில் பட்டையை முதலில் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள்.

‘பிறந்ததிலிருந்து’ என்ற வார்த்தையிலும் ஏமாற்று நடக்கிறது. பிறந்த குழந்தை கிட்டத்தட்ட மட்டமாகப் படுக்க வேண்டும். பாதி சாயும் சீட்டில் உட்கார வைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்கு இடைஞ்சல் வரும். கார் சீட்டை மேலே மாட்டி அதையே ‘பிறந்ததிலிருந்து’ என்று கணக்குக் காட்டும் வண்டியில் நீண்ட நேரம் தூங்க வைக்கக்கூடாது, ஓடவே கூடாது. குழந்தையை உட்கார வைத்து ஓடுவதற்குக் கழுத்து உறுதியாக நிற்க வேண்டும். 6 மாதத்துக்கு முன்பு வேண்டாம் என்றே நல்ல தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள், அதற்குப் பிறகும் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே கையேட்டின் எச்சரிக்கைப் பக்கம், சீட்டின் அடி லேபிள், டயரின் பக்கச்சுவர் ஆகிய மூன்றின் படத்தையும் கேளுங்கள். சக்கரத்தோடு மடித்த அளவையும் எழுத்தில் வாங்குங்கள். இழுத்தடித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் வந்ததும் அதில் வார்த்தைகள் மாறிவிடும். பெட்டி வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள், அட்டையைக் கிழிக்காதீர்கள். சோதனை எல்லாவற்றையும் வீட்டுக்குள், தரையில் ஒரு பழைய போர்வை விரித்து அதன் மேல் செய்யுங்கள். வெளியே ஒரு சுற்று உருட்டினாலே டயரில் மண் ஏறும், ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொல்ல அதுவே போதும். திருப்பி அனுப்பும் காரணத்தில் ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும். ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் வரவில்லை’ என்று போட்டு, காந்தம் ஒட்டிய குழாயின் படத்தையும் 15 கிலோ லேபிளின் படத்தையும் இணையுங்கள்.

பழைய வண்டி வாங்குவதானால் லேபிளில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் அழியாமல் இருக்க வேண்டும். அவை இல்லாமல், குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்ற மாடலா என்று தேடிப் பார்க்க வழியே கிடையாது. லேபிளைக் கிழித்துவிட்டு விற்கிற வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.