வலிக்கு எந்தக் கை? சோமனூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் ஏறி இறங்கிய நாலு வாசல்

விசைத்தறி ஓடும் தறிக்குடோனில் நிற்கிறவனுக்கு இடுப்பு வலி வராவிட்டால்தான் அதிசயம். பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, அறுந்தால் தறி மேல் குனிந்து, கையை எட்டி நீட்டி, இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை குனிகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. எனக்கு வலி ஆரம்பித்தது போன ஐப்பசியில். அதே மாதம் அம்மாவுக்கு வலது தோள் இறுகிவிட்டது. தலைக்கு மேல் கை போகவில்லை, கொண்டை போட முடியவில்லை, பின்பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை 12 வருஷமாக இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது மற்றவர்களைவிட அதிகம் என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது.

எட்டு மாதத்தில் நாலு விதமான இடங்களுக்குப் போனோம். எண்ணெய் போட்டு உருவுகிற ஊர்க்காரர், மெஷின் வைத்திருக்கிற பிசியோ மையம், சித்த மருத்துவரின் தொக்கணம் (எண்ணெய் போட்டு உடம்பைப் பிடித்துவிடும் முறை), கடைசியாகக் கையால் மட்டுமே வைத்தியம் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். எங்கள் பக்கம் இன்னும் பல பேர் இதே வரிசையில் அலைகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உருவல். சுளுக்கு எடுக்கிறவர் இல்லாத ஊர் கொங்கு நாட்டில் கிடையாது. சாதாரணத் தசைப்பிடிப்புக்கு அவர்கள் கை நன்றாகவே கேட்கும். சின்ன வயதில் கபடி ஆடிக் காலைச் சுளுக்கிக்கொண்டு போய் நானே சுகமாகித் திரும்பியிருக்கிறேன். ஆனால் அம்மாவின் தோள் சுளுக்கு இல்லை. மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு வீங்கித் தடித்துச் சுருங்கிப்போன நோவு அது. அந்த வீட்டில் வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவி, கையை மடக்கி, "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்குங்க" என்று ஒரே இழுவையாக இழுத்தார்கள். அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வாரம் ராத்திரித் தூக்கமே இல்லை. வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் இப்படி இழுத்தால் சவ்வு இன்னும் சீறும். வலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் சோதிக்கவில்லை, கேட்கவும் இல்லை. என் மனக்குறை இழுத்தார்கள் என்பதைவிட, கேட்காமல் இழுத்தார்கள் என்பதுதான்.

இரண்டாவது, மெஷின். எனக்குப் பத்து நாள் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தார்கள். ஈரப் பஞ்சு வைத்த நாலு பட்டையை இடுப்பில் கட்டி ஐஎஃப்டி என்கிற மின்சாரச் சிகிச்சை, கால்மணி நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி. அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு. அதற்கப்புறம் இடுப்பில் வார் மாட்டி இழுக்கும் டிராக்‌ஷன். படுத்திருக்கும்போது சுகம்தான். பஸ் ஏறி வீடு சேர்வதற்குள் பழைய கதை. பத்து நாளும் ஒருவர்கூட என் முதுகில் கை வைத்துப் பார்க்கவில்லை. குனியச் சொல்லவும் இல்லை. பெல்ட் ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னார்கள்.

பிறகுதான் படித்தேன். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டி, இந்த வலிக்கு அல்ட்ராசவுண்டு, டென்ஸ் (தோல் வழியாக மின்தூண்டல்), ஐஎஃப்டி, டிராக்‌ஷன் எதையும் கொடுக்க வேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்டு, டென்ஸ், கூடவே இடுப்பு பெல்ட், எதையும் பரிந்துரைக்கவில்லை. உலகம் முழுக்க 2020ல் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. இவ்வளவு பேருக்கு இருக்கிற நோவுக்கு, பயன் இல்லை என்று சொல்லப்பட்ட பெட்டிகளை எங்கள் ஊரில் வரிசையில் நின்று கட்டிக்கொள்கிறோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். மெஷின் இருக்கிற இடமெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. மெஷினை ஓரமாக வைத்துக்கொண்டு உங்களை நடக்க வைத்து, குனிய வைத்து, பயிற்சி சொல்லித் தருகிறார்கள் என்றால் தாராளமாகப் போகலாம். மெஷின் மட்டுமே வைத்தியம் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

தொக்கணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை அதில் உண்டு. நான் போனது பிஎஸ்எம்எஸ் என்கிற சித்த மருத்துவப் பட்டம் படித்த மருத்துவரிடம். நாடி பார்த்தார், மலச்சிக்கல் உண்டா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்டார். எண்ணெய் போட்டுப் பிடித்ததும் உடம்பு முழுக்க இளகி, அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உடம்பு அலுப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் இதற்கு ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கணுவில், எந்த அசைவில் வலி என்று துல்லியமாகப் பிரித்துப் பார்ப்பது அங்கே நடக்கவில்லை. உடம்பு மொத்தத்தையும் ஒன்றாகப் பார்ப்பது அவர்கள் வழி. வர்மம் தட்டுகிறேன் என்று போர்டு மாட்டியிருக்கும் எல்லாரும் இந்தப் படிப்பு படித்தவர்கள் இல்லை, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நாலாவது வாசல். திருப்பூரில் இருக்கும் மாமா மகள் சொல்லித்தான் போனோம். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு கண்ணாடி. மெஷின் எதுவும் கண்ணில் படாததால் அம்மாவுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. "ஏனுங்க அம்மிணி, கரண்டு வைக்க மாட்டீங்களா?" என்றே கேட்டுவிட்டார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தார். "கைதானுங்கம்மா. முதல்ல உங்க வலி எனக்குப் புரியட்டும்" என்றார்.

முதல் நாள் அரைமணி நேரம் பேச்சும் சோதனையும்தான். எந்த வேலையில் வலி கூடுகிறது, விடியற்காலை எப்படி, இருமினால் காலுக்கு இறங்குகிறதா, ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு உண்டா, காய்ச்சல், எடை குறைவு ஏதாவது உண்டா என்று கேட்டார். குனியச் சொன்னார். என் விரல் நுனி முட்டியோடு நின்றுவிட்டது. அதைக் குறித்துக்கொண்டார். பிறகு குப்புறப் படுக்க வைத்து, இரண்டு கட்டை விரலையும் சேர்த்து முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பாவு நூலின் விறைப்பைப் பார்க்க நாங்கள் விரல் நுனியால் மேலாக வருடுவோம். அழுத்தினால் கைக்கு ஒன்றும் புலப்படாது. அதே பக்குவம்தான் அவர் விரலிலும். கீழே நாலாவது கணு வந்ததும் நான் மூச்சை இழுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் நின்றுவிட்டார்.

அங்கேயே, அழுத்துகிறார் என்பதே தெரியாத அளவுக்கு, தொட்டில் ஆட்டும் தாளத்தில் மெல்ல மெல்ல அசைத்தார். அரை நிமிஷம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அரை நிமிஷம். ஆஸ்திரேலியாக்காரரான ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த முறை என்றார். அதில் அசைவுக்குப் படிகள் உண்டு. முதல் இரண்டு படி வலியைத் தணிக்க, மூட்டின் தடை வரும் முன்பே நிற்கும் மெல்லிய அசைவு. மூன்றும் நாலும் இறுக்கத்தைத் திறக்க, தடைக்குள் போகும் அசைவு. ஐந்தாவது படிதான் சட்டென்று சொடுக்குவது. என்னிடம் அன்று ஒன்றாம் படியைத் தாண்டவே இல்லை. எழுப்பி நிறுத்தி மறுபடி குனியச் சொன்னார். முட்டியில் நின்ற விரல் முட்டிக்குக் கீழே பாதிக் கால் வரை இறங்கியது.

"எலும்பு விலகினதை உள்ள தள்ளிட்டீங்களா?" என்று கேட்டேன். ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ், அதாவது கணுக்களுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறது, என்று எழுதியிருந்த பயம் எனக்கு.

"எலும்பு எங்கயும் போகலைங்கண்ணா. நரம்பு மிரண்டு போய், சுத்தி இருக்கிற தசையை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதைக் கொஞ்சம் சமாதானம் பண்ணியிருக்கேன், அவ்வளவுதான். இது சில மணி நேரம்தான் நிக்கும். அதுக்குள்ள நீங்க அசைச்சுப் பழகிக்கணும்."

இந்தப் பதிலுக்காகவே அவரை நம்பினேன். மெல்லிய தொடுகை வலியைக் குறைப்பதற்கு விளக்கம் உண்டு. தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் போகும் தொடு உணர்வு, வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியை ஓரளவு அடைக்கிறது என்பது மெல்சாக்கும் வாலும் 1965ல் முன்வைத்த கதவுக் கோட்பாடு. அடிபட்ட இடத்தைத் தன்னையறியாமல் தேய்த்துக்கொள்கிறோமே, அதுவும் இதுதான். டிஸ்க் பல்ஜ் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. ஆகவே "டிஸ்கை உள்ளே தள்ளிவிட்டேன்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கை வைத்தியம் மட்டும் போதாது. நைஸ் வழிகாட்டி கைமுறைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது, ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான். எனக்குக் கொடுத்தது மூன்றே பயிற்சி. அப்புறம் தறியில் முடிச்சுப் போடும்போது ஒரு காலைக் கீழ்ச்சட்டத்தில் ஊன்றிக்கொள்ளச் சொன்னார். ஆறு தடவை போனேன். ஒரு தடவைக்கு 400 ரூபாய். மெஷின் மையத்துப் பத்து நாளைவிடக் கம்மிதான். பயிற்சியை விட்ட வாரம் வலி திரும்பி வந்ததையும் பார்த்துவிட்டேன்.

கையால் செய்வது என்றாலே எல்லாம் ஒன்றில்லை. தலையோட்டு எலும்புகளின் துடிப்பை உணர்ந்து குணப்படுத்துகிறேன் என்கிற முறைக்கு நல்ல ஆதாரம் இல்லை. கழுத்தைச் சட்டென்று சொடுக்குவது வேறு விஷயம், அதில் எனக்குப் பயமே உண்டு. முடி வெட்டி முடித்ததும் சலூனில் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் சொடக்கு எடுப்பதை நாம் சுகமாக நினைக்கிறோம். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயின் உட்சுவர் அதில் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் கழுத்து வலிக்கு மெல்லிய வழி இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு? இப்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆளைத் தேடும்போது படிப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். பிபிடி என்பது பிசியோதெரபி இளநிலைப் பட்டம், பல வருஷமாகப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை வருஷப் படிப்பாக இருந்தது. அதற்கு மேல் எலும்பு மூட்டுப் பிரிவில் எம்பிடி என்கிற முதுநிலைப் பட்டம் முடித்தவர் கிடைத்தால் நல்லது. பிசியோதெரபியையும் உள்ளடக்கிய தேசியச் சட்டம் 2021லேயே வந்துவிட்டது. பனியன் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ பிடிக்கிறவர்கள், சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையை மறந்துவிட்டுத் தனியாரிடம் போகிறார்கள். முதலில் அங்கே காட்டுங்கள். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும்.

எந்தக் கையிடமும் போகக் கூடாத வலியும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, காய்ச்சலோடு முதுகு வலி, வயதானவர் விழுந்த பிறகு வரும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். முன்னே சொன்ன அந்த அரைமணி நேரக் கேள்வியெல்லாம் இதைப் பிடிக்கத்தான்.

அம்மாவின் கதை மெதுவாகத்தான் நகர்கிறது. இறுகின தோள் முழுசாக விட ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம் என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். ஊசி போடுவதா என்று சர்க்கரை டாக்டரையும் கலந்துகொள்ளச் சொன்னார். முதல் இரண்டு மாதம் வலிக்கும் எல்லைக்கு உள்ளேயே அசைவு. இரவுத் தூக்கம் திரும்பிய பிறகுதான் இறுக்கத்தைத் திறக்கும் படி. வீட்டில் கதவு நிலைக்கு மேலே சின்னக் கப்பி ஒன்றை மாட்டிக் கயிறு போட்டிருக்கிறேன். காலையில் காபி குடித்ததும் அம்மா நல்ல கையால் இழுத்து நோவுக் கையை உயர்த்துகிறார். சுவரில் விரலால் ஏறுகிறார், ஏறின இடத்தில் பென்சில் கோடு. மாசியில் போட்ட கோட்டுக்கும் இப்போதைய கோட்டுக்கும் ஒரு முழம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கொண்டையை அவரே போட்டுக்கொண்டார். பின்பக்கக் கொக்கிக்கு இன்னும் நாலு விரல் பாக்கி. அடுத்து மூன்று வாரம் கழித்து வந்தால் போதும் என்றிருக்கிறார் அந்தப் பெண்.